மூன்று பெயரில் ஆடியவள்

மைதானம் உறைந்துபோனதால் ஆட்டம் இல்லை. இந்த வரியை நான் முதல்முதலாகத் தட்டச்சு செய்தது ஒரு ஆகஸ்ட் மாதம், துபாயில், கராமாவில். கடைக் கதவின் கைப்பிடியைத் துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டுதான் பிடிக்க முடியும், அப்படி ஒரு வெயில். உள்ளே ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீருக்கு ஒரு பெயின்ட் வாளியை வைத்திருந்தோம். அந்த வாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, ஹாலந்தில் ஏதோ ஒரு கிராமத்தில் பெண்கள் கால்பந்து ஆட வந்து, தரை பாறையாக இறுகிக் கிடப்பதைப் பார்த்துவிட்டு வீடு திரும்பியதை நான் எக்செல் கட்டத்துக்குள் ஏற்றிக்கொண்டிருந்தேன். கால்பந்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம், அதைக் கையால் தொடக் கூடாது என்பது மட்டும்தான்.

கடை ஒரு டைப்பிங் சென்டர். இரண்டாயிரம் பிறந்து ஐந்தாறு வருடம் ஆகியிருக்கும். மெட்ரோ இன்னும் வரவில்லை. விசா விண்ணப்பம், லேபர் கார்டு, குடும்பத்தை வரவழைக்கும் மனு என்று அரபியிலும் ஆங்கிலத்திலும் அடித்துக் கொடுப்போம். முதலாளி கீழக்கரைக்காரர். எங்களுக்கு அவர் பாய். அவருக்கு நான் தங்கச்சி. அவருடைய சட்டம் ஒன்றே ஒன்றுதான். "பாஸ்போர்ட்ல எப்படி இருக்கோ அதான் ஆளு. ஒரு எழுத்து மாறினாலும் அது வேற ஆளு, தங்கச்சி. நம்ம கற்பனைய அதுல கலக்கப்படாது." எனக்கு லேபர் கார்டு கிடையாது. கணவரின் விசாவில் வந்தவள். வேலை பார்க்க அனுமதியில்லை என்று அதில் முத்திரையே குத்தியிருந்தது. சோதனைக்கு ஆட்கள் வருகிறார்கள் என்று தெருமுனையிலிருந்து செய்தி வந்தால் அடுத்த கடைக்குள் நுழைந்து, நெற்றியில் பொட்டோடு, முஸ்லிம் பெண்கள் போடும் கறுப்பு அபாயாவுக்கு விலை கேட்டுக்கொண்டு நிற்பேன். அந்தக் கடைக்காரரும் சளைக்காமல் நாலைந்து அபாயாவை எடுத்துப் போடுவார்.

அந்தக் கடைக்கு ஆப்பிள் அட்டைப்பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார் டச்சுக்கார மேடம். நாற்பதுகளின் முதல் பாதியில் இருப்பார். கணவர் கடலில் மணல் கொட்டித் தீவு உண்டாக்கும் வேலையில் இன்ஜினியர். பெட்டி நிறையப் பழைய தாள்கள், நோட்டுகள். அவர் பேசியது ஆங்கிலம்; இங்கே நான் எழுதுவது என் தமிழ். "இதுல ஒரு பெண்கள் கால்பந்து கிளப்போட மொத்த ஆயுசும் இருக்கு. நீங்க படிக்க வேண்டாம். இருக்கிறது இருக்கிறபடி அடிச்சு, யார் எத்தனை ஆட்டம் ஆடினாங்கன்னு கணக்கெடுத்துக் கொடுத்தா போதும்." இருக்கிறது இருக்கிறபடி என்ற சொல்லைக் கேட்டதும் பாய்க்கு முகம் மலர்ந்துவிட்டது. வேலை என் மேசைக்கு வந்தது.

பத்துப் பதினைந்து டச்சு வார்த்தைகளுக்கு அர்த்தம் எழுதி ஒரு சீட்டுக் கொடுத்திருந்தார் மேடம். வெற்றி, தோல்வி, சமன், பனிமூட்டம். அஃப்கெலாஸ்ட் என்றால் ஆட்டம் ரத்து. மீதிக் கதையை வந்து போகும்போதெல்லாம் அவரே சொன்னார். உருளைக்கிழங்கு மாவு ஆலையில் மூட்டை தைத்த பெண்கள் சேர்ந்து ஆரம்பித்த கிளப்பாம் அது. அந்த நாட்டுக் கால்பந்துச் சங்கமே அப்போது பெண்களின் ஆட்டத்தை ஒரு ஆட்டமாக ஏற்றுக்கொள்ளவில்லை. ஊரிலிருந்த ஆண்கள் கிளப் மைதானத்தைத் தராது; எப்போதாவது தந்தாலும் கோல் வலையைக் கழற்றி எடுத்துக்கொண்டுதான் தரும். அதனால் ஒரு பால்பண்ணைக்காரரின் புல்வெளியில் மாடுகளை ஓரம் கட்டிவிட்டு ஆடினார்கள். பக்கத்தில் ஒரு வாய்க்கால். பந்து விழுந்தால் எடுக்க நீளமான கழியில் வலை கட்டி வைத்திருந்தார்கள். 'பந்து வாய்க்காலோடு போய்விட்டது, இருட்டியும் விட்டது' என்று ஒரு தாளில் குறிப்பு இருந்தது. பிறகு சங்கம் மனம் மாறியது, லீக்கில் இடம் கிடைத்தது, ஒரு படி ஏறினார்கள், இரண்டு படி இறங்கினார்கள்.

ஏறினாலும் இறங்கினாலும் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு தாள் இருந்தது. தேதி, எதிரணி, கோல், பதினோரு பெயர். பெயர் என்றால் முதல் எழுத்தும் குடும்பப் பெயரும் மட்டும். ஒரு சீசனில் ஆடிய அத்தனை ஆட்டத்திலும் தோற்றிருந்தார்கள். அதையும் அந்தக் கிளப்பின் செயலாளர் அம்மா ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, மை சிந்தாமல் எழுதி வைத்திருந்தார். தோற்றதை இவ்வளவு சுத்தமாக எழுதி வைக்கிற மனிதர்களை நான் அதற்கு முன் கண்டதில்லை. எங்கள் குடும்பத்தில் தோற்றுப்போனதை யாரும் எழுதி வைப்பதில்லை. சூட்கேஸில் போட்டுப் பூட்டி பீரோவுக்கு மேலே ஏற்றிவிடுவோம்.

மேடத்துக்கு அந்தக் கணக்கில் ஏன் அவ்வளவு அக்கறை என்பது மூன்றாம் வாரம்தான் தெரிந்தது. அவருடைய அம்மா அந்த மாவு ஆலைப் பெண்களில் ஒருத்தி. முந்தைய வருடம் இறந்துபோயிருந்தார். ஆஸ்பத்திரியில் கடைசி நாட்களில் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, "என்னைவிட அதிகமா யாரும் ஆடினதில்ல. ஒரு சீசன்கூட நான் விட்டதில்ல. நம்பலைன்னா தாளை எடுத்து எண்ணிப் பாரு" என்றாராம். மேடத்தின் அப்பா இந்தப் பேச்சை எடுத்தாலே சிரிப்பவர், அன்றைக்கும் சிரித்திருக்கிறார். இப்போது அந்தக் கிளப் அடுத்த கோடையோடு மூடப்படுகிறது, பக்கத்து ஊர்க் கிளப்போடு சேர்க்கப் போகிறார்கள். போவதற்கு முன்னால் ஒரு மரப்பலகையில், அதிக ஆட்டம் ஆடியவளின் பெயரைச் செதுக்கி மாட்டுவதாக முடிவு. எண்ணிப் பார்க்க அங்கே யாருக்கும் பொறுமையில்லை. "நான் எண்ணுறேன்னு பெட்டியைத் தூக்கிட்டு வந்துட்டேன். அம்மா எண்ணச் சொன்னாளே" என்றார் மேடம்.

கல்யாணத்துக்குப் பிறகு பெயர் மாறிய பெண்களின் பட்டியல் ஒன்றையும் தனக்குத் தெரிந்தவரை எழுதிக் கொடுத்திருந்தார். அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயர், பக்கத்தில் அப்பாவின் குடும்பப் பெயர், கீழே அழுத்தமாக இரண்டு கோடு. 'இந்த இரண்டு பேரும் என் அம்மா.' நான் இரண்டையும் கூட்டினேன். செப்டம்பர் கடைசியில் கணக்கு முடிந்தது. அம்மா இரண்டாம் இடம். முதல் இடத்தில் வேறொரு பெண், முப்பது சொச்சம் ஆட்டம் அதிகம். காரணமும் தாளிலேயே தெரிந்தது: பிறந்த வீட்டுப் பெயர் மறைந்து நாலு சீசன் கழித்துத்தான் அப்பாவின் பெயர் வருகிறது. நடுவில் அந்த அம்மா ஆடவே இல்லை.

மேடம் பட்டியலை விரலால் தடவிப் பார்த்தார். "ஒரு சீசன்கூட விட்டதில்லைன்னு சொன்னாளே," என்றார். அப்புறம், "சரி, எண்ணினது எண்ணினதுதான்" என்று கைப்பையில் வைத்துக்கொண்டார். எனக்கே பாவமாக இருந்தது.

என் வீட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கராமாவிலேயே ஒரு பழைய கட்டிடத்தின் இரண்டாம் மாடி, இரண்டு குடும்பம் ஷேரிங். ஒரு அறை எங்களுக்கு, ஒரு அறை அவர்களுக்கு, சமையலறை முறைவைத்து. கணவர் ஒரு குளிர்சாதனக் கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். மகள் எட்டாம் வகுப்பு. தமிழில் திட்டினால் ஆங்கிலத்தில் பதில் சொல்லும் வயது. அந்த வருடம் அவள் பள்ளியில் கணக்கு டீச்சர் வேலையை விட்டுப் போய்விட்டார். வேறு ஆள் கிடைக்கவில்லை. "இன்னைக்கும் மேத்ஸ் ஃப்ரீ பீரியட் மம்மி" என்பாள். நான் நோட்டை வாங்கிச் சொல்லிக் கொடுக்க உட்கார்ந்தால், "உங்களுக்கு எங்க போர்ஷன் தெரியாது, நீங்க டைப்பிஸ்ட்" என்று பிடுங்கிக்கொள்வாள். சுருக்கென்று இருக்கும். எழுந்துபோய்ப் பருப்பைக் கிளறுவேன்.

நவம்பரில், கடைக் கதவைத் திறந்து வைக்கிற அளவுக்குக் காற்று வந்த பிறகு, மேடம் ஒரு தடித்த உறையைப் பிரிக்காமலே கொண்டு வந்தார். கிளப் அலமாரியிலிருந்து தபாலில் வந்த பழைய போட்டோக்கள். கடைசியாக அச்சிடப் போகும் சிறு புத்தகத்துக்கு ஸ்கேன் செய்ய வேண்டும். ஒவ்வொரு படத்தின் பின்னாலும் நிற்கிறவர்கள், உட்கார்ந்திருப்பவர்கள் என்று வரிசையாகப் பெயர். மூன்று நாள் அந்த முகங்களோடேயே இருந்தேன். பின்வரிசையில் இடது ஓரத்தில் எப்போதும் ஒருத்தி நின்றாள். முன்பல் ஒன்று ஓரத்தில் உடைந்திருக்கும். ஒரு கால் சாக்ஸ் எப்போதும் இறங்கியிருக்கும். சிரிக்கும்போது தலையை ஒரு பக்கமாகச் சாய்ப்பாள். முதல் சில வருடப் படங்களில் பின்னால் இருந்தது மேடத்தின் அம்மாவுடைய பிறந்த வீட்டுப் பெயர். பிந்தைய படங்களில் அப்பாவின் பெயர். நடுவில் இரண்டு படங்கள். அதே ஓரம், அதே பல், அதே இறங்கிய சாக்ஸ். பின்னால் மட்டும் மூன்றாவதாக ஒரு பெயர்.

தாள்களை மறுபடி எடுத்தேன். ஒரு இலையுதிர் காலத்தின் முதல் ஆட்டத்தில் செயலாளர் அம்மா பழக்கதோஷத்தில் பிறந்த வீட்டுப் பெயரை எழுதி, அடித்து, மேலே அந்த மூன்றாவது பெயரை எழுதியிருந்தார். நாலு வருடம் கழித்து அந்தப் பெயரை அடித்து மேலே அப்பாவின் பெயர். செப்டம்பரில் நான் இதையெல்லாம் ஒரு ஆளை நீக்கி இன்னொரு ஆளைச் சேர்த்ததாக எடுத்துக்கொண்டேன். பெயர் வேறு என்றால் ஆள் வேறு. பாயின் பள்ளிக்கூடத்தில் நான் நல்ல மாணவி. இப்போது கூட்டிப் பார்த்தேன். மூன்றையும் சேர்த்தால் அந்த அம்மாவுக்கு மேலே யாருமே இல்லை. சொன்னது போலவே ஒரு சீசன்கூட விடவில்லை.

சந்தோஷப்பட வேண்டிய இடத்தில் எனக்கு வந்தது பயம். ஒரு பெண்ணின் பெயர் ஒருமுறை மாறினால் கல்யாணம். இரண்டாம் முறை மாறினால் என்ன அர்த்தம் என்று எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

எனக்கும் இது இரண்டாவது கல்யாணம். கும்பகோணத்தில் பி.எஸ்சி. கணிதம் முடித்த கையோடு முதலாவது நடந்தது. அந்த வீட்டில் எல்லாம் முறைப்படி நடக்க வேண்டும் என்பார்கள்; கெஜட்டில் போட்டு என் இனிஷியலை அவர் பெயருக்கு மாற்றினார்கள். அந்த இனிஷியலோடுதான் பி.எட். படித்தேன். பட்டம் கையில் வந்தபோது கல்யாணம் கையை விட்டுப் போயிருந்தது. இரண்டே வருடம். விவாகரத்து என்ற சொல்லை எங்கள் வீட்டில் சமையலறையில்கூட உரக்கச் சொல்ல மாட்டார்கள். அப்புறம் துபாய் மாப்பிள்ளை வந்தார். எல்லாம் தெரிந்துதான் கட்டிக்கொண்டார். ஒரே ஒரு வார்த்தை வாங்கிக்கொண்டார், இனி அந்தப் பேச்சு எங்கேயும் வரக் கூடாது என்று. இங்கே டீச்சர் வேலைக்குச் சான்றிதழைக் காட்ட வேண்டும். சான்றிதழில் ஒரு பெயர், பாஸ்போர்ட்டில் ஒரு பெயர். இரண்டும் ஒரே ஆள்தான் என்று கோர்ட்டில் பத்திரம் எழுத வேண்டும், ஏன் மாறியது என்று அதில் சொல்ல வேண்டும். "அதையெல்லாம் எழுதி, ஸ்டாம்ப் அடிச்சு, கான்சலேட்ல நின்னு ஊருக்கே சொல்லணுமா? பொண்ணு வளர்றா" என்றார். அவர் கெட்டவர் இல்லை. எனக்கும் அதே பயம்தான் இருந்தது. ஆகவே நான் டைப்பிஸ்ட்.

இப்படிப்பட்டவள் கையில் அந்த இரண்டு போட்டோ கிடைத்தால் என்ன செய்வாள்? கவிழ்த்து வைத்தேன். பாவம், அந்த அம்மா செத்த பிறகாவது நிம்மதியாக இருக்கட்டும் என்று நினைத்தேன். ஆயுசு முழுக்க மறைத்து வைத்ததை, அவள் மகளிடம் போட்டு உடைக்க நான் யார்? சாகும் நேரத்தில்கூட 'எண்ணிப் பார்' என்றுதான் சொன்னாளே தவிர, என்ன பெயரில் எண்ணுவது என்று சொல்லவில்லை. அப்படியென்றால் அவளுக்கே விருப்பமில்லை என்று எனக்கு நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன். இரண்டு படங்களையும் தனி உறையில் போட்டு, 'தெளிவில்லை' என்று எழுதிப் பெட்டியின் அடியில் வைத்தேன். கணவரிடம் சொன்னபோது, "நல்ல காரியம் பண்ணினே. நமக்கு எதுக்கு வம்பு" என்றார். ஒரு பெண்ணின் மானத்தைக் காப்பாற்றிவிட்ட பெருமையோடு அன்று சாப்பிட்டேன். இதை எழுதவே கை கூசுகிறது.

ஜனவரியில் மேடம் நேராகவே கேட்டார். "அந்த நாலு வருஷத்துத் தாள் எல்லாம் முழுசா இருந்ததா? ஏதாவது விட்டுப்போயிருக்குமா? நல்லாப் பார்த்தீங்களா?" புத்தகம் அச்சுக்குப் போகும் சமயம், பலகைக்கும் பெயர் கொடுக்க வேண்டுமாம். அவர் என் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். விரல் நுனிகள் வெளுத்திருந்தன.

"எல்லாத் தாளும் இருந்தது மேடம். அவங்க பேர் எதுலயும் இல்ல," என்றேன். வார்த்தைக்கு வார்த்தை உண்மை. இதைவிடச் சுத்தமான பொய்யை நான் சொன்னதில்லை.

அதற்குப் பிறகு தூக்கம் கெட்டது. சமையலறை முறை தவறியது. பக்கத்து அறைக்காரியோடு ஒரு டம்ளருக்காகச் சண்டை போட்டேன். சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை போனை எடுத்தேன். முதல் தடவை பாய் பக்கத்தில் இருந்தார். கொடுத்து முடித்த வேலையில் தப்பு என்று கடை ஆளே போன் பண்ணிச் சொன்னால் கடை பேர் என்னாகும் என்று வைத்துவிட்டேன். இரண்டாம் தடவை யாரும் இல்லை. அப்போதும் வைத்துவிட்டேன். அங்கே பலகையில் யாரோ உளி வைத்துச் செதுக்கிக்கொண்டிருப்பார்கள் என்ற நினைப்பு மட்டும் போகவில்லை.

மே மாதம் மேடம் ஊருக்குப் போய்விட்டு ஜூனில் வந்தார், பெட்டியை எடுத்துப்போக. கிளப் மூடியாகிவிட்டது. பலகை மாட்டிய படத்தைக் காட்டினார். அதன் கீழே, தன் பெயருக்குக் கீழே, கைத்தடியோடு ஒரு கிழவி நின்று அழுதுகொண்டிருந்தாள். "இவங்களுக்கு எவ்வளவு சந்தோஷம் பாருங்க" என்றார் மேடம். பிறகு சாதாரணமாகச் சொல்வது போல, "அப்பா சிரிச்சதுதான் சரி. அம்மா கொஞ்சம் பெருமையடிக்கிறவதான். ஆனா சாகப் போற நேரத்துலயும் ஒருத்தி என் கையைப் பிடிச்சுக்கிட்டுப் பொய் சொல்வான்னு நான் நினைக்கல" என்றார். சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை.

பொய் என்ற அந்தச் சொல்லைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பெட்டியை நான் தூக்கி வருகிறேன் என்று அவரோடு கிளம்பினேன். கடைக்குப் பின்னால் மணல் பார்க்கிங். பகல் பன்னிரண்டரை மணி. காரின் பின்கதவைத் திறந்ததும் உள்ளிருந்து அனல் அடித்தது. பெட்டியை வைத்து, அடியிலிருந்த உறையை உருவி, இரண்டு படத்தையும் அவர் கையில் கொடுத்தேன். "ஓரத்துல நிக்கிறது யாரு மேடம்?"

அவர் கூலிங் கிளாஸைக் கழற்றினார். "அம்மா" என்றார். திருப்பினார். பின்னால் இருந்த பெயரை மெதுவாக, எழுத்துக் கூட்டுவது போலப் படித்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு இடத்தில் அடித்து எழுதியிருப்பதை, நாலு சீசனை, கூட்டுத்தொகையை, நவம்பரிலிருந்து எனக்குத் தெரியும் என்பதை. வேர்வை கண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

"அம்மாவுக்கு முதல்ல ஒரு கல்யாணம் ஆகியிருந்தது எங்களுக்குத் தெரியும்" என்றார் மேடம். "எனக்குப் பத்து வயசா இருக்கும்போதே அவளே சொல்லிட்டா. அந்த ஆளோட பேரை மட்டும் சொல்ல மாட்டா. அவன் வீட்டை விட்டு வெளியவே விட மாட்டான்னு சொல்லியிருக்கா. அதனால அந்த நாலு வருஷம் ஆட்டமே இல்லைன்னு நாங்களா முடிவு பண்ணிட்டோம்." படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "அவன் வீட்டுல இருந்தும் போய் ஆடியிருக்கா. ஒரு வாரம்கூட விடாம."

அழுதார். நான் தொடலாமா என்று தெரியாமல் நின்றேன்.

"நவம்பர்லயே தெரியுமா?"

"தெரியும்."

"ஏன் சொல்லல?"

"உங்களுக்கு அவமானமா இருக்கும்னு நினைச்சேன்."

"அவமானமா?" என்றார். நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார். "யாருக்கு?"

அந்தக் கேள்விக்கு அந்த மணல் பார்க்கிங்கில் நின்றுகொண்டு பதில் தேடினேன். என் அம்மா, அப்பா, கணவர், பக்கத்து அறைக்காரி என்று ஒவ்வொரு முகமாக வந்தது. பலகையை மாற்றச் சொல்லி எழுதலாமே என்று மெல்லச் சொன்னேன். "அந்தக் கிழவிகிட்டப் போய், நீ இல்லைன்னு சொல்லவா? என்னால முடியாது" என்றார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. பெட்டியைப் பின்னாலிருந்து எடுத்துத் தன் பக்கத்து இருக்கையில் வைத்துக்கொண்டார். உதவப் போன என் கையை விலக்கிவிட்டுத் தானே தூக்கினார். அதன் பிறகு அவர் எங்கள் கடைக்கு வரவில்லை.

பாய் கேட்டார், "என்ன தங்கச்சி, மேடம் முகமே சரியில்லையே?"

"நான்தான் தப்பு பண்ணிட்டேன் பாய்."

"இருக்கிறது இருக்கிறபடி தானே அடிச்சே? அப்புறம் என்ன தப்பு?"

மதியம் கடை அடைத்ததும் வீட்டுக்கு நடந்தேன். மகளுக்கு அன்று பரீட்சை, சீக்கிரம் வந்துவிட்டிருந்தாள். கட்டிலில் கால் நீட்டி ஏதோ புரட்டிக்கொண்டிருந்தாள். கணவர் ட்யூட்டியில். நாற்காலி போட்டு ஏறி பீரோ மேலிருந்த சூட்கேஸை இறக்கினேன். பூட்டுச் சாவி என் தாலிச் சங்கிலியில்தான் இவ்வளவு வருடமும் கிடந்தது. பி.எட். சான்றிதழை எடுத்து அவள் முன்னால் வைத்தேன்.

படித்தாள். இனிஷியலில் விரலை வைத்தாள். "இது தாத்தா இனிஷியல் இல்ல. டாடியோடதும் இல்ல. யாரோடது?"

"டாடிக்கு முன்னாடி எனக்கு ஒரு கல்யாணம் ஆச்சு. ரெண்டு வருஷம். அவரோடது."

பதின்மூன்று வருடமாக எந்த வாக்கியத்துக்குப் பயந்தேனோ, அது இவ்வளவுதான் நீளம். வீடு இடிந்து விழும் என்று காத்திருந்தேன். அடுத்த அறையில் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. அவள் இனிஷியலிலிருந்து விரலை எடுத்து, கீழே வரிவரியாக நகர்த்திக்கொண்டு போனாள். பாடம் கணிதம் என்று இருந்த இடத்தில் நின்றாள். நிமிர்ந்து பார்த்தபோது அவள் கண் கலங்கியிருந்தது, கோபமாகவும் இருந்தது.

"அப்ப நீங்க டீச்சரா?"

"ஆமா."

"மேத்ஸ் டீச்சரா?"

"ஆமாம்மா."

"இந்த வருஷம் பூரா எங்க கிளாஸ்ல மேத்ஸ் மிஸ்ஸே இல்ல, மம்மி."